மூணு தடவை பீஸ் கட்டி இங்கிலீஷ் படித்த கதை

"ஏனுங்க தம்பி, சந்தேகம் நமக்கா, அவங்களுக்கா?"

எங்கள் எம்.டி. இதைக் கத்திக் கேட்கவில்லை. சேரில் சாய்ந்து, டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்வதென்றால், சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற வேலை. பையரிடம் இங்கிலீஷில் ஒத்துக்கொண்டதை டையிங்காரரிடமும் கட்டிங் மாஸ்டரிடமும் தமிழில் கெஞ்சி வாங்க வேண்டும். அவர்கள் தமிழில் சொல்லும் சாக்கை பையருக்கு நாகரிகமான இங்கிலீஷில் அனுப்ப வேண்டும். காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன் நான். இந்த வேலைக்கு வந்ததே புரொடக்‌ஷன் வழியாகத்தான்.

நடந்தது 2015-இல். டென்மார்க் பையர் ஒருவருக்குக் குழந்தைகள் டிசர்ட், நேவி ப்ளூ. துணி மொத்தமாகச் சாயம் போடுவதற்கு முன்னால் உள்ளங்கை அளவு துண்டுகளில் ஏ, பி, சி என்று மூன்று ஷேடு போட்டு அனுப்புவோம்; அதுதான் லேப் டிப். பையர் 'பி'யை ஓகே செய்துவிட்டார். எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார் என்று மட்டும் எழுதவில்லை. பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு ஷேடு, கடை விளக்கான டிஎல்84-இல் வேறு வேறாகத் தெரியும். அதைக் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மெயில் தட்டினேன். முதல் வரி: 'வீ ஹேவ் எ டவுட் இன் ஆப்ஷன் பி.'

வகுப்பில் பையன் கை தூக்கி "சார், ஒரு சந்தேகம்" என்றால் கேட்க ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். போலீஸ்காரர் சந்தேகம் என்றால் அது வேறு. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். டென்மார்க்காரருக்கு டவுட் என்றால் போலீஸ்காரர் சந்தேகம்தான். 'உங்களுக்கே அந்த ஷேடில் நம்பிக்கை இல்லையென்றால் நிறுத்துங்கள், புதிதாக லேப் டிப் போட்டு அனுப்புங்கள்' என்று பதில் வந்தது. இரண்டாவது வரியில் நான் விளக்கைப் பற்றித்தான் கேட்டிருந்தேன். அதை அவர் படித்தாரோ இல்லையோ. டையிங்கில் பிடித்து வைத்திருந்த நாள் போனது. புது லேப் டிப், கூரியர், அங்கிருந்து ஓகே என்று மொத்தம் ஒன்பது நாள் கையை விட்டுப் போனது.

அந்த வாரமே இங்கிலீஷ் கிளாஸ் தேட ஆரம்பித்தேன். தேடினேன் என்பதே பெரிய வார்த்தை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் '30 நாளில் சரளமான ஆங்கிலம்' என்று போர்டு இருந்தது. டீ குடிக்கப் போனவன் அப்படியே படியேறி ரூ. 4,500 கட்டிவிட்டு இறங்கினேன். செருப்பு வாங்கும்போதுகூட அதைவிட அதிகமாக யோசிப்போம்.

வகுப்பில் நாங்கள் 28 பேர். கல்லூரிப் பிள்ளைகள், நிட்டிங் யூனிட் வைத்திருக்கும் ஒரு அண்ணன், கல்யாணமாகி துபாய் போகக் காத்திருக்கும் ஒரு பெண், நான். ஒரு மணி நேரத்தில் சார் நாற்பது நிமிஷம் போர்டில் டென்ஸ் அட்டவணை எழுதுவார். மீதி இருபது நிமிஷம் எங்களைப் பேச விடுவார். இருபது நிமிஷத்தை 28 பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 43 விநாடி. முப்பது நாளும் லீவு போடாமல் போனால்கூட மொத்தம் 21 நிமிஷம்தான் நான் வாய் திறந்திருப்பேன். பீஸை அதால் வகுத்தால் நிமிஷத்துக்கு இருநூற்றுச் சொச்சம் ரூபாய். இந்தக் கணக்கை மூன்று வருஷம் கழித்துத்தான் போட்டேன் என்பது வேறு விஷயம். அத்தனை பேரும் ஒருவரோடு ஒருவர் நிஜமாகப் பேசியது வகுப்பு முடிந்து கீழே பேக்கரியில் பப்ஸ் சாப்பிடும்போதுதான். அதுவும் தமிழில்.

இன்னொன்று. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் சார் கேட்பார்: "எனி டவுட்ஸ்?"

அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவிநாசிப் பையன் இன்ஜினியரிங் கடைசி வருஷம். அவனுக்கு வேண்டியது இன்டர்வியூவில் கை நடுங்காமல் ரெண்டு நிமிஷம் தன்னைப் பற்றிச் சொல்வது. முப்பது நாளும் அவன் அதையே ஒப்பித்தான், கண்ணாடி முன்னால் நின்று பழகினான், சரவணம்பட்டிப் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் சேர்ந்தும் விட்டான். அதே சார், அதே பெஞ்சு, அதே பீஸ். அவனுக்குச் சரியாகப் பொருந்திய சட்டை எனக்குத் தோளிலேயே இறங்கவில்லை. நான் செய்த தப்பு, எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் 'இங்கிலீஷ்' என்று பதில் சொன்னது.

இரண்டாவது தடவை, மொபைலில் வீடியோ கோர்ஸ். தள்ளுபடி என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வாங்கியது. 120 பாடத்தில் 11 பார்த்தேன். இதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

மூன்றாவதுதான் விஷயம். லேபிள் பிரிண்டிங் வைத்திருக்கும் நண்பன் ஒருவன், பல்லடம் ரோட்டில் வீட்டிலேயே பாடம் எடுக்கும் ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவரிடம் கூட்டிப் போனான். அந்த மேடம் என் கிராமர் எப்படி என்று சோதிக்கவில்லை. மோர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இங்கிலீஷ்ல என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

யோசித்துச் சொன்னேன். முப்பது முப்பத்தஞ்சு மெயில் எழுதினேன். பையர் அனுப்பிய டெக் பேக், அதாவது உடுப்பின் அளவும் தையல் விவரமும் உள்ள தாள்கள், படித்தேன். ஒரு வீடியோ கால், அதில் பாதி புரியவில்லை, எல்லாவற்றுக்கும் ஓகே ஓகே என்றேன். வாட்ஸ்அப்பில் கொஞ்சம். அவ்வளவுதான்.

"செல்ஃப் இன்ட்ரொடக்‌ஷன் எங்கயாச்சும் சொன்னீங்களா?"

"இல்லைங்க மேடம்."

"அடுத்த தடவை வரும்போது நீங்க எழுதின பத்து மெயிலை பிரிண்ட் எடுத்துட்டு வாங்க. பையர் பேர், விலை எல்லாத்தையும் பேனாவால அடிச்சுருங்க. அது எனக்கு வேண்டாம்."

அந்தப் பத்து மெயிலையும் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பக்கமெல்லாம் சிவப்பு. ஆனால் அவர் எண்ணிக் காட்டியபோது மொத்தம் நாலே வகைத் தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. டவுட் அதில் ஒன்று. 'ஐ ஹேவ் சென்ட் யெஸ்டர்டே' இன்னொன்று. நேற்று என்று சொல்லிவிட்டால் 'ஹேவ்' வராது, வெறும் 'சென்ட்' போதும். மூன்றாவது, வெள்ளிக்கிழமைக்குள் அனுப்புகிறேன் என்பதற்கு 'பை ஃப்ரைடே' போடாமல் 'டில் ஃப்ரைடே' போட்டது. அதைப் படிப்பவருக்கு வெள்ளிக்கிழமை வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று தோன்றும்.

நாலாவது வட்டத்தை மட்டும் ஒரு முழு வகுப்பு பேசினோம். 'ப்ளீஸ் சென்ட் த பிஓ இமீடியட்லி' என்று எழுதியிருந்தேன். பிஓ என்றால் பையர் தருகிற பர்ச்சேஸ் ஆர்டர். ப்ளீஸ் போட்டிருக்கிறேனே, இதில் என்ன தப்பு என்றேன்.

"இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லுவீங்க?"

"பிஓவை உடனே அனுப்பிச்சிருங்க."

"அந்த 'ங்க' எங்க போச்சு?"

எங்கள் ஊரில் 'ங்க' இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது. வாங்க, போங்க, சரிங்க, இல்லைங்க. திட்டும்போதுகூட 'என்னங்க நீங்க' என்றுதான் ஆரம்பிப்போம். நம் மரியாதை முழுக்க வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இங்கிலீஷுக்கு அப்படி ஒரு வால் கிடையாது. மனசுக்குள் 'அனுப்புங்க' என்று மரியாதையாகத்தான் நினைக்கிறோம். 'சென்ட்' என்று எழுதும்போது 'ங்க' உதிர்ந்து, 'டேய், அனுப்பு' மட்டும் போய்ச் சேர்கிறது. அங்கே மரியாதை வாக்கியத்தின் தலையில் உட்காரும்: 'குட் யூ', 'வுட் இட் பி பாஸிபிள் டு'. அதோடு கூடவே காரணமும் வர வேண்டும். பிஓ வியாழனுக்குள் வந்தால் நூல் இந்த வாரமே புக் செய்துவிடலாம், அனுப்ப முடியுமா என்கிற மாதிரி. ஒரு மெயிலை அப்படி மாற்றி எழுதி அனுப்பினேன். மூன்று நாளாகப் பதில் தராத பையர் அன்று சாயங்காலமே பிஓ அனுப்பினார். தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கப்புறம் நான் 'இமீடியட்லி' என்ற சொல்லைத் தொட்டதில்லை.

வீடியோ காலுக்கும் ஒரு வழி சொன்னார். எங்கள் பையர்கள் டென்மார்க், ஜெர்மனி, ஸ்பெயின்காரர்கள். அவர்களுக்கும் இங்கிலீஷ் படித்து வந்த பாஷைதான். அமெரிக்க உச்சரிப்பு கற்றுத் தருகிறேன் என்று ஒருவர் வந்தால் எனக்கு அது எதற்கு? எனக்கு வேண்டியது, புரியாதபோது ஓகே சொல்லாமல் இருக்கிற பழக்கம். அவர் சொன்னதை என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பது, ஃபிஃப்டீனா ஃபிஃப்டியா என்று குழப்பம் வந்தால் 'ஒன் ஃபைவ்' என்று பிரித்துக் கேட்பது, கால் முடிந்து அரை மணி நேரத்தில் பேசியதை ஐந்து வரியில் மெயில் போடுவது. இந்த மூன்றையும் நானும் லேபிள் நண்பனும் மாறி மாறி பையராக நடித்துப் பழகினோம். வாரம் இரண்டு நாள், ஒன்றரை மணி நேரம், பதினாறு வாரம். ரூ. 12,000. இருந்ததே இரண்டு பேர் என்பதால் பேசாமல் தப்பிக்க வழியே இல்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் வீட்டு டியூஷன் தேடிப் போக வேண்டாம். என் சித்தப்பா மகள் கதை நேர் எதிர்.

அவள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். இங்கிலாந்து போக வேண்டும். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் சேர்ந்தார்கள் என்று காந்திபுரத்தில் ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வுக்குக் கோச்சிங் சேர்ந்தாள். இரண்டு தடவை எழுதினாள். இரண்டு தடவையும் கேட்டல், படித்தல், பேசுதல் மூன்றிலும் தேறி, எழுத்தில் மட்டும் 6-இல் நின்றது. இங்கிலாந்தின் நர்ஸிங் கவுன்சிலான என்எம்சி கேட்பது மற்ற மூன்றிலும் 7, எழுத்தில் 6.5.

"அந்த எஸ்ஸே மட்டுந்தானுங்கண்ணா வரமாட்டேங்குது. நகர நெரிசலுக்கு அரசாங்கம் என்ன செய்யோணும்னு கேக்கறாங்க. நானென்ன கலெக்டரா?"

சிரித்தாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தத் தேர்வில் இரண்டாவது எழுத்துக் கேள்வி 250 வார்த்தைக் கட்டுரை. பொது விஷயத்தில் கருத்து சொல்லி, காரணம் அடுக்கி எழுதிப் பழகாதவர்களுக்கு அது ஒரு சுவர். என்எம்சி ஓஇடி என்ற தேர்வையும் ஏற்றுக்கொள்கிறது என்று அவளுக்குத் தெரியும். 'அது கஷ்டமாமா' என்று யாரோ சொன்னதால் பக்கம் போகவில்லை. மருத்துவத் துறை ஆட்களுக்கென்றே உள்ள தேர்வு அது. நர்ஸுக்கு நர்ஸ் வேலையை ஒட்டியே கேள்வி. எழுத்துத் தேர்வில் ஒரு நோயாளியின் குறிப்புகளைக் கொடுத்து, 45 நிமிஷத்தில் அவரை வேறு இடத்துக்கு அனுப்பும் கடிதம் மாதிரி ஒன்று எழுதச் சொல்வார்கள். பேச்சுத் தேர்வில் எதிரே இருப்பவர் நோயாளியாகவோ சொந்தக்காரராகவோ நடிப்பார். இவள் நர்ஸாகவே இருந்தால் போதும். ஷிஃப்ட் மாறும்போது ஹேண்ட்ஓவர் கொடுத்துக் கொடுத்துப் பழகினவளுக்கு எதைச் சொல்ல வேண்டும், எதை விட வேண்டும் என்று கை தானாகப் போனது. என்எம்சிக்கு வேண்டியது மூன்று பகுதியில் பி, அதாவது 350. எழுத்தில் 300, சி பிளஸ். முதல் தடவையிலேயே வாங்கிவிட்டாள். தேர்வுக் கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம். ஆனால் இரண்டு தடவை தோற்ற செலவோடு சேர்த்துப் பார்த்தால் அது ஒன்றும் பெரிதில்லை.

அவளுக்கு என் மேடம் சரிப்பட்டிருக்க மாட்டார். தேர்வு என்று ஒன்று முன்னால் நின்றுவிட்டால், அந்தத் தேர்வின் கேள்வித்தாளை நாள்தோறும் கையாள்கிற இடம்தான் வேண்டும். அதற்கும் முன்னால், எந்தத் தேர்வு என்பதைப் போகப்போகிற நாட்டின் கவுன்சிலோ பல்கலைக்கழகமோ விசா இணையதளமோ சொல்ல வேண்டும், கோச்சிங் சென்டர் சொல்லக் கூடாது. என் மச்சான் ஒருவன் கனடாவுக்கு வேலைக்குக் குடியேற விண்ணப்பிக்க நினைத்து ஐஇஎல்டிஎஸ்ஸின் அகாடமிக் பேட்ச்சில் போய் உட்கார்ந்திருந்தான். அது மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்கு. அவனுக்கு ஜெனரல் டிரெயினிங். இரண்டுக்கும் கேட்டலும் பேச்சும் ஒன்றுதான். ஆனால் எழுத்தில் அகாடமிக்காரர்கள் கிராஃபைப் பார்த்து விவரிக்க வேண்டும், ஜெனரல்காரர்கள் கடிதம் எழுத வேண்டும். மூன்று வாரம் கிராஃப் விவரித்த பிறகுதான் யாரோ அவனிடம் சொன்னார்கள். மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும். அவசரப்பட்டு முன்னாலேயே எழுதி வைத்துக்கொண்டு, பேப்பர் தயாராவதற்குள் அது காலாவதியானவர்களும் உண்டு.

சரி, எத்தனை நாளாகும்? போர்டில் 30 என்று எழுதுகிறார்களே. ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஒரு அளவுகோல் உண்டு: ஏ1-இல் ஆரம்பித்து சி2 வரை ஆறு படி. பி1 என்றால் வேலையில் தட்டுத் தடுமாறிச் சமாளிக்கலாம், பி2 என்றால் ஓரளவு தயங்காமல் பேசி எழுதலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜ்காரர்கள் தோராயமாகச் சொல்லும் கணக்கில் பி1-க்கு 350 முதல் 400 மணி நேரம், பி2-க்கு 500 முதல் 600. ஒரு படி ஏற ஏறக்குறைய 200 மணி நேரம். தினம் ஒரு மணி, வாரம் ஐந்து நாள் என்றால் 40 வாரம். 30 நாளில் படி ஏற முடியாது. ஆனால் 30 நாளில் ஒரு காரியம் பழகிக்கொள்ளலாம்: ஒரு இன்டர்வியூ, ஒரு வகை மெயில், ஒரு வகை போன் கால். அவிநாசிப் பையன் பழகியதும் அப்படி ஒரு காரியத்தைத்தான். நான் எந்தப் படியில் இருக்கிறேன் என்று பார்க்கக் காசு கொடுக்க வேண்டியதில்லை. பிரிட்டிஷ் கவுன்சிலின் லேர்ன் இங்கிலீஷ் தளத்தில் இலவசமாகவே சோதித்துக்கொள்ளலாம். காது பழக பிபிசி லேர்னிங் இங்கிலீஷில் ஆறு நிமிஷ நிகழ்ச்சிகள் இருக்கின்றன. அவிநாசி ரோடு சிக்னல்களுக்கு அளவெடுத்த மாதிரி நீளம்.

இப்போது யாராவது கேட்டால், பீஸ் கட்டுவதற்கு முன் ஒரு டெமோ கிளாஸில் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு உட்காரச் சொல்கிறேன். பாடத்தைக் கவனிக்க வேண்டாம், நீங்கள் எத்தனை நிமிஷம் பேசினீர்கள் என்று மட்டும் எண்ணுங்கள். பேட்ச்சில் எத்தனை பேர், டெமோ எடுத்தவரே கடைசி வரை வருவாரா, என் மெயிலையும் கேள்வித்தாளையும் கொண்டுவந்தால் திருத்துவீர்களா, இரண்டு தவணையில் கட்டலாமா என்று கேளுங்கள். 'என்ன கோர்ஸ் வேணும்னாலும் இருக்கு சார்' என்று சொல்கிற இடத்தைவிட, 'உங்களுக்கு எதுக்குங்க இங்கிலீஷ்?' என்று திருப்பிக் கேட்கிற இடம் மேல். அப்புறம், இன்றைக்கே சேர்ந்தால் பாதிக் கட்டணம் என்றால் எனக்கு இப்போதெல்லாம் சந்தேகம்தான். இது நிஜ டவுட்.

என் வீட்டம்மாவுக்குத் தேவைப்பட்டது பெரியவள் ஸ்கூல் டைரியில் மிஸ் எழுதுவதைப் படித்துப் பதில் எழுதும் அளவுக்கு இங்கிலீஷ். கோர்ஸ் சேர்க்கட்டுமா என்றேன். "ஏனுங்க, நீங்க மூணு தடவை பீஸ் கட்டினது பத்தாதா?" என்று கேட்டுவிட்டு, மகளின் ரெண்டாம் வகுப்புப் புத்தகத்தை அவளோடு சேர்ந்து தினம் ராத்திரி வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தாள். ரெண்டு வருஷத்தில் டைரியை என்னிடம் நீட்டுவது நின்றுவிட்டது.

போன மாதம் சாம்பிள் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் வந்து நின்றான். கோபிக்காரன். "அண்ணா, எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ங்கண்ணா நல்லாருக்கும்?"

"நேத்து இங்கிலீஷ்ல என்ன செஞ்ச?"

"ஒண்ணும் செய்யலைங்கண்ணா. மெயில் வந்தா உங்களுக்கு ஃபார்வர்ட் பண்ணிருவேன்."

"நாளையில இருந்து ஃபார்வர்ட் பண்ணாத. பதிலை நீ எழுது, எனக்கு மட்டும் அனுப்பு, திருத்தித் தர்றேன். ஒரு மாசம் கழிச்சு எந்த கிளாஸ்னு பாக்கலாம்."

அன்று ராத்திரி பத்து மணிக்கே முதல் டிராஃப்ட் வந்துவிட்டது. சாம்பிளுக்கான பட்டன் சைஸ் பற்றி பையரிடம் ஒரு கேள்வி. திறந்து பார்த்தேன். 'டியர் மேடம், ஐ ஹேவ் எ டவுட்' என்று ஆரம்பித்திருந்தான்.